கணக்கில் வராத கடல்

ஜைஹூன், சைஹூன் என்னும் இரு நதிகளின் பெயர்கள் நம் வாசகர்களுக்குப் புதியன அல்ல. அரபு வரலாற்றாசிரியர்கள் ‘மாவராவுன் நஹ்ர்’, அதாவது நதிக்கு அப்பாலுள்ள நாடு என்று குறித்த நிலப்பரப்பு இவ்விரு நதிகளுக்கும் இடைப்பட்டதே. ஹதீஸ் கலையின் மாமேதை இமாம் புகாரி அவர்கள் பிறந்த புகாரா அங்கேதான் இருக்கிறது. இமாம் திர்மிதி அவர்களின் ஊர் ஜைஹூனின் கரையிலேயே அமைந்தது. அந்நதி கடலில் கலக்கும் கழிமுகப் பகுதி கவாரிஸ்ம் எனப்பட்டது. அல்ஜிப்ரா என்னும் கணிதத் துறைக்கு அடிகோலிய அல்-கவாரிஸ்மீயின் பெயரில் விளங்குவது அந்த நாடு. பேரறிஞர் அல்-பிரூனீ 973-ஆம் ஆண்டில் பிறந்ததும் அங்கேதான்.

இன்று அந்நதிகளை ஆமூ தரியா, சிர் தரியா என்று வழங்குகிறார்கள். அவை சென்று கலந்த கவாரிஸ்ம் கடல், ஆரல் கடல் என்று பெயர் பெற்றது. 1960-இல் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். அதாவது, இலங்கைத் தீவு முழுவதையும் விடச் சற்றே பெரியது. உலகின் ஏரிகளில் நான்காவது இடம் அதற்கு இருந்தது. ஐம்பது ஆண்டுகள் கூடக் கழிவதற்கு முன் அதில் பத்தில் ஒரு பங்குதான் எஞ்சியது. பூகம்பமோ பஞ்சமோ அதனைக் குடித்துவிடவில்லை. மாஸ்கோ நகரத்து அலுவலகம் ஒன்றில், எழுதுகோலும் கணக்கேடும் கொண்டு, கற்றறிந்தோர் பலர் கூடி வகுத்த திட்டமே குடித்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் ஒரே இடத்திலிருந்து நடத்த முயன்ற அம்முறை எவ்வாறு இயங்கிற்று, எங்கே இடறிற்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

திட்டம் பிறந்த கதை

1917-இல் ருஷ்யப் புரட்சி நிகழ்ந்தது. 1921 பிப்ரவரியில் ‘கோஸ்பிளான்’ என்னும் அரசுத் திட்டக் குழு நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அது ஆலோசனை கூறும் சிறு குழுவாகவே இருந்தது. 1928-இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய பின்னர் நாட்டின் நாடி நரம்பெல்லாம் அதன் கைக்குள் வந்தன.

அக்குழுவின் பணி என்ன? சந்தையில் விலை செய்யும் வேலையைக் கணக்கால் செய்வதே. ஒரு சரக்கு குறைந்தால் சந்தையில் அதன் விலை ஏறுகிறது. வாங்குவோர் சிக்கனம் பிடிக்கின்றனர். விற்போர் அதிகம் உற்பத்தி செய்கின்றனர். இதற்கென எவரும் உத்தரவிடுவதில்லை. சோவியத் முறையில் விலைகளை அரசே நிர்ணயித்தது. ஆண்டுக் கணக்கில் அவை மாறாமல் இருந்தன. ஆகவே எது குறைகிறது, எது மிகுகிறது என்பதை அறிவிக்க வேறொரு கருவி தேவைப்பட்டது. முக்கியமான ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஐந்தொகை எழுதினார்கள். ஒரு பக்கத்தில் உற்பத்தி, இருப்பு, இறக்குமதி. மறு பக்கத்தில் அப்பொருளை வேண்டி நிற்கும் தொழில்கள். இரு பக்கமும் சமமாக வேண்டும்.

சொல்வதற்கு எளிது. எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். நிலக்கரி வெட்ட யந்திரம் வேண்டும். யந்திரம் செய்ய எஃகு வேண்டும். எஃகின் கணக்கில் ஓரெண்ணை மாற்றினால் நூற்றுக்கணக்கான ஏடுகளில் எண்கள் மாற வேண்டும். ஆண்டு தொடங்குவதற்குள் அத்தனையையும் திருத்தி முடிக்க எந்த அலுவலகத்தாலும் இயலவில்லை. ஆகவே அதிகாரிகள் ஒரு குறுக்கு வழியைக் கைக்கொண்டனர். சென்ற ஆண்டு எவ்வளவு செய்தார்களோ, அதற்கு மேல் சில சதவீதம் கூட்டி இவ்வாண்டின் இலக்காக எழுதினர். அந்த இலக்கு அமைச்சகத்திற்கும், அங்கிருந்து குடியரசுக்கும், மாவட்டத்திற்கும், ஆலைக்கும், கூட்டுப் பண்ணைக்கும் இறங்கி வந்தது. வந்த பின் அது சட்டம்.

இம்முறையின் சாதனைகளை மறைத்தல் நியாயமன்று. உழவுத் தொழிலையே நம்பியிருந்த ஒரு நாடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எஃகும் மின்சாரமும் பெருமளவில் உண்டாக்கும் நாடாயிற்று. அந்த எஃகே இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படைகளைத் தடுத்து நிறுத்த உதவிற்று. எழுத்தறிவு பெருகிற்று. 1957-இல் முதல் செயற்கைக் கோள் வானில் ஏறிற்று; 1961-இல் யூரி ககாரின் விண்வெளி சென்று மீண்டார். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பல இதனை வியந்து நோக்கியதில் ஆச்சரியம் இல்லை. நம் பாரதமும் 1950-இல் திட்டக் கமிஷனை அமைத்து, 1951 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களை மேற்கொண்டது. ஆயினும் இங்கே நிலமும் கடைவீதியும் தனியார் கையிலேயே இருந்தன. குறைகூறப் பத்திரிகைகளும் சட்டமன்றங்களும் இருந்தன. இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் பொருளே அதில்தான் அடங்கியுள்ளது.

உண்மை மேலே ஏறாத ஏணி

ஓர் ஆலையின் நிர்வாகியை எண்ணிப் பார்ப்போம். இலக்கை எட்டினால் அவருக்கும் தொழிலாளருக்கும் ஊக்கத்தொகை உண்டு, எட்டாவிடில் இல்லை. மிக அதிகமாக எட்டினால், மறு ஆண்டு இலக்கு அந்த உயரத்திலிருந்து தொடங்கும். ஆகவே விவேகமுள்ள நிர்வாகி தம் ஆலையின் முழுத் திறனை மேலிடத்திற்குத் தெரிவிப்பதில்லை. தேவையைக் கூட்டிச் சொல்வார். திறனைக் குறைத்துச் சொல்வார். மேலிடத்தாரும் இதனை அறிவர். ஆகவே அவர்கள் கேட்டதைக் குறைத்துக் கொடுத்து, இலக்கை உயர்த்தி எழுதினர். இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பாத இக்கணக்கின் மீதுதான் ஒரு பேரரசின் பொருளாதாரம் நின்றது.

இலக்கை எந்த அளவையால் குறிப்பது என்பதும் தீராத தொல்லையாயிற்று. எடையால் குறித்தால் சரக்கு கனத்தது. மேற்கூரையில் தொங்கும் அலங்கார விளக்குகளின் உற்பத்தியை டன் கணக்கில் அளந்ததால், ஆலைகள் மேலும் மேலும் கனமான விளக்குகளையே செய்கின்றன என்று 1959-இல் பிரதமர் குருஷ்சேவே பகிரங்கமாகக் குறைபட்டுக் கொண்டார். மாதத்தின் முதல் இரு வாரங்கள் மூலப்பொருள் வராமல் ஆலை உறங்கும். கடைசி வாரத்தில் இரவும் பகலும் அடித்துப் பிடித்து வேலை நடக்கும். அவ்வாறு அவசரத்தில் உருவான பொருளின் தரத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மூலப்பொருளைத் தேடிப் பிடித்து வர ஒவ்வோர் ஆலையும் ‘தோல்காச்’ எனப்பட்ட ஆட்களை ஊர் ஊராக அனுப்பிற்று. சட்டம் அவர்களை அறியாது. ஆனால் அவர்கள் இல்லையெனில் திட்டம் ஓடாது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்து போகக் கூடிய செய்திகள். ஆனால் சிரிக்க இயலாதவையும் உண்டு. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் போது உழவர்களின் நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்டன. கஜகஸ்தானத்தில், மந்தைகளோடு மேய்ச்சல் நிலம் தேடித் திரிந்து வாழ்ந்த முஸ்லிம் மக்களை ஓரிடத்தில் குடியமர்த்தினர். அவர்களிடமிருந்து பெற வேண்டிய தானியமும் இறைச்சியும் இத்தனையென்று மேலிருந்து எண்கள் வந்தன. அந்த எண்களை நிறைவேற்றுவதற்காக மந்தைகள் பறிமுதலாயின. எஞ்சியவை தீவனமின்றி மடிந்தன. 1930 முதல் 1933 வரை அங்கே நிகழ்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் பெரும்பாலோர் கஜக் மக்கள். உக்ரைனிலும் அதே ஆண்டுகளில் பல லட்சம் உயிர்கள் பறிபோயின.

இதன் பின் நிகழ்ந்தது இன்னும் சிந்தனைக்குரியது. 1937 ஜனவரியில் மக்கட்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஏறத்தாழ 16 கோடியே 20 லட்சம் என்று தொகை வந்தது. தலைமை எதிர்பார்த்ததோ இதனினும் பல லட்சம் அதிகம். காணாமற்போன மக்கள் எங்கே என்று கேட்க வேண்டிய தலைமை, எண்ணியவர்கள் எங்கே என்று கேட்டது. அக்கணக்கு செல்லாதென அறிவிக்கப்பட்டது. கணக்கெடுப்பை நடத்திய அதிகாரிகள் சிறைப்பட்டனர், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மதநம்பிக்கை பற்றிய கேள்வி ஒன்றும் அதில் இடம்பெற்றிருந்தது. பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் பாதிக்கும் மேற்பட்டோர், அச்சம் சூழ்ந்த அக்காலத்திலும், நம்பிக்கையுடையோம் என்றே விடையளித்திருந்தனர். 1939-இல் புதிய கணக்கு எடுத்தபோது அக்கேள்வி இல்லை. தொகை மட்டும் 17 கோடியாக உயர்ந்து நின்றது. மெய்யான எண்ணைச் சொன்னால் உயிர் போகும் என்று கற்ற ஒரு தேசம், அப்பாடத்தை எளிதில் மறந்துவிடுமா?

வெள்ளைத் தங்கம்

இனி நாம் ஜைஹூன் கரைக்குத் திரும்புவோம். அங்கே பருத்தி பயிரிடும் வழக்கம் மிகப் பழையது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்து அற்றுப்போன ருஷ்ய நூற்பாலைகள், மத்திய ஆசியாவின் மீது கண் வைத்தன. 1865-இல் தாஷ்கந்தும், 1868-இல் சமர்க்கந்தும் ஜார் மன்னரின் படைகள் வசமாயின. 1873-இல் கீவா பணிந்தது. சோவியத் அரசு வந்த பின், அந்நியப் பருத்தியே வேண்டாம் என்னும் கொள்கை முதல் திட்டத்திலேயே இடம்பெற்றது. கோதுமை விளைந்த வயல்களும் பருத்திக்கு மாறின. சைபீரியாவின் தானியத்தைக் கொண்டு வருவதற்கென்றே ஒரு ரயில் பாதையிட்டு 1930-இல் முடித்தனர். உஸ்பெக் உழவர் தம் ரொட்டிக்குப் பிறர் கையை எதிர்பார்க்கலானார். அவர் விளைத்த பருத்தியின் பெரும்பகுதியோ நூலாகாமலேயே ருஷ்யாவின் ஆலைகளுக்குச் சென்றது.

பருத்திக்கு ‘வெள்ளைத் தங்கம்’ என்று பெயர் சூட்டினர். அறுவடைக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளும் மாணவர்களும் ஆசிரியர்களும் வயலுக்கு அனுப்பப்பட்டனர். இலையுதிர்க்கத் தெளித்த நச்சு மருந்தின் நெடியிலேயே அவர்கள் பருத்தி எடுத்தனர். சோவியத் நாட்டின் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு உஸ்பெகிஸ்தானத்தினுடையது. 1959 முதல் 1983 வரை அக்குடியரசின் கட்சித் தலைவராக இருந்தவர் ஷரஃப் ரஷீதோவ். ஆண்டுதோறும் இலக்கு உயர்ந்தது. ஆண்டுக்கு 60 லட்சம் டன் என்னும் எண்ணை எட்டியாக வேண்டும் என்றாயிற்று.

நிலம் கொடுக்க மறுத்ததைக் காகிதம் கொடுத்தது. பண்ணைத் தலைவர் இல்லாத பருத்தியை இருப்பதாக எழுதினார். கொள்முதல் நிலையத்தார் கையூட்டுப் பெற்று அதனை எடை போட்டதாகப் பதிந்தனர். வெற்று ரயில் பெட்டிகள் நிறைந்தனவாகப் புறப்பட்டன. ருஷ்யாவின் ஆலைகளில் சிலர் அவற்றைப் பெற்றுக் கொண்டதாக ஒப்பமிட்டனர். மாவட்டம் மாநகருக்குப் பொய் சொல்லிற்று. தாஷ்கந்து மாஸ்கோவுக்குப் பொய் சொல்லிற்று. ஒவ்வொரு படியிலும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 1983-க்குப் பின் விசாரணை தொடங்கியபோது, முந்தைய சில ஆண்டுகளில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டன் பருத்தி ஏட்டில் மட்டுமே விளைந்திருந்தது வெளியாயிற்று. இல்லாத பருத்திக்காக அரசு 300 கோடி ரூபிளுக்கு மேல் கொடுத்திருந்ததாக விசாரணையாளர் கூறினர். ஆயிரக்கணக்கானோர் வழக்குகளில் சிக்கினர். முன்னாள் அதிபர் பிரெஷ்னேவின் மருமகனே 1988-இல் சிறைத் தண்டனை பெற்றார்.

உஸ்பெக் மக்களுள் பலர் இவ்வழக்கை வேறு கண்ணோடு பார்க்கின்றனர். எட்ட முடியாத இலக்கை விதித்தது மாஸ்கோ. பழியைச் சுமந்தது தாஷ்கந்து என்பது அவர்களின் மனக்குறை. விடுதலைக்குப் பின் ரஷீதோவின் பெயருக்கு மீண்டும் மரியாதை அளிக்கப்பட்டது. குற்றம் செய்தோர் இருந்தனர் என்பது மெய்யே. ஆயினும் நேர்மையாளர் ஒருவர் அப்பதவியில் இருந்து, “இவ்வாண்டு இவ்வளவுதான் விளைந்தது” என்று எழுதியிருந்தால், அவர் பதவி நிலைத்திருக்குமா என்பதை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எவரும் எழுதாத ஏடு

இதுகாறும் கண்டது கணக்கில் வந்தவை பொய்யான கதை. கணக்கிலேயே வராதது ஒன்று உண்டு, அதுவே கடல்.

பருத்திக்குத் தண்ணீர் வேண்டும். 1954-இல் கராகும் கால்வாய் தொடங்கிற்று. பாலைவன மணலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் ஓடிய அக்கால்வாய்க்குத் தளமோ கரைப் பூச்சோ பெரும்பாலும் இல்லை. பெருமளவு நீரை மணலே உறிஞ்சிற்று. தண்ணீருக்கு விலை இல்லாததால் அதைச் சேமித்தவருக்குப் பரிசும் இல்லை, வீணாக்கியவருக்குத் தண்டமும் இல்லை. 1960-இல் ஏறத்தாழ 45 லட்சம் ஹெக்டேராக இருந்த பாசன நிலம், 1980-களின் முடிவில் 70 லட்சத்தை எட்டிற்று. முன்பு ஆண்டுதோறும் 50 கன கிலோமீட்டருக்கு மேல் ஆற்று நீரைப் பெற்று வந்த கடல், 1980-களின் சில ஆண்டுகளில் அநேகமாக ஒன்றும் பெறவில்லை.

கடல் சுருங்கும் என்பதை நிபுணர்கள் அறியாமல் இல்லை. அறிந்தே கணக்கிட்டனர். கடலில் கிடைக்கும் மீனின் மதிப்பு இவ்வளவு. அந்நீரால் விளையும் பருத்தியின் மதிப்பு அதனினும் மிகுதி. ஆகவே கடல் போகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. கடல் தணித்து வந்த வெப்பமும் குளிரும், கரையோர மக்கள் குடித்த கிணற்று நீர், அவர்கள் சுவாசித்த காற்று ஆகிய இவற்றுக்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. ஆகவே இவற்றின் மதிப்பு பூஜ்யமாயிற்று.

1921-இல் வோல்கா நதிக்கரையில் பஞ்சம் வந்தபோது, லெனின் ஆரல் மீனவர்களுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அவர்கள் 14 ரயில் பெட்டிகள் நிறைய மீன் அனுப்பினார்கள். ஆரல்ஸ்க் ரயில் நிலையத்தின் சுவரில் அந்நிகழ்ச்சியை வண்ணக் கற்களால் சித்திரமாக்கியுள்ளனர். அதே ஆரல்ஸ்கிலிருந்து பின்னர் கடல் பல பத்துக் கிலோமீட்டர் விலகிப் போயிற்று. தென்கரையில் முய்னாக் என்னும் துறைமுகத்தில் படகுகள் மணலில் துருப்பிடித்து நின்றன. 1950-களில் ஆண்டுக்கு 40,000 டன்னுக்கு மேல் கிடைத்த மீன், 1980-களின் தொடக்கத்தில் அற்றே போயிற்று. மீன் பதனிடும் ஆலைக்கோ திட்டம் இருந்தது. தொழிலாளருக்கு வேலை கொடுத்தாக வேண்டும். ஆகவே பால்டிக் கடலிலிருந்தும் பசிபிக் கரையிலிருந்தும் உறைந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் ஏற்றி வந்து முய்னாக்கில் டப்பாக்களில் அடைத்தனர். வற்றிய கடற்படுகையிலிருந்து எழுந்த உப்புப் புழுதி, பூச்சி மருந்தின் எச்சங்களோடு காற்றில் பறந்து, காரகல்பாக் மக்களின் வயல்களிலும் நெஞ்சுக்கூடுகளிலும் படிந்தது.

சந்தைப் பொருளாதாரம் நிலவும் நாடுகளில் நதிகள் கெடவில்லையா எனச் சிலர் வினவலாம். கெட்டிருக்கின்றன, இலாபம் ஒன்றையே எண்ணும் முதலாளியின் ஏட்டிலும் கடலுக்குப் பத்தி இல்லை. ஆனால் அங்கே பாதிக்கப்பட்ட மீனவர் வழக்குத் தொடுக்கலாம், பத்திரிகை எழுதலாம், ஆட்சியை மாற்றலாம். ஆரல் கரை மீனவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. திட்டம் வகுப்பவர், அதனை நிறைவேற்றுபவர், சரக்கை வாங்குபவர், நியாயம் சொல்பவர் ஆகிய அனைவரும் ஒரே அரசாக இருக்கையில் எவரிடம் முறையிடுவது? ஆட்சியாளர் தாமே வணிகத்தில் இறங்கினால் குடிமக்கள் நலிவர், இறுதியில் அரசின் வருவாயும் குன்றும் என்று இப்னு கல்தூன் 1377-இல் முடித்த ‘முகத்திமா’வில் விளக்கியிருக்கிறார். சுல்தான்களின் அரண்மனைகளைக் கண்டு அவர் எழுதியது, கோஸ்பிளானுக்கும் பொருந்தி நிற்பதைக் காண்கிறோம்.

திருத்த முயன்றவர்கள்

இக்குறைகளை உள்ளிருந்தே கண்டவர்களும் உண்டு. லெனின்கிராடைச் சேர்ந்த கணித மேதை கந்தரோவிச், 1939-இல் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றின் சிக்கலைத் தீர்க்கப் புகுந்து, அருமைக்கேற்ற மதிப்பு ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு என்பதைக் கணிதத்தால் நிறுவினார். அதன்படி பார்த்தால் தண்ணீருக்கும் மதிப்பு உண்டு. மார்க்சீயக் கொள்கைக்கு இது முரண் எனக் கருதியோர் நெடுங்காலம் அதனை ஒதுக்கினர். 1975-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. கீவ் நகரத்து விஞ்ஞானி குளுஷ்கோவ், 1960-களில் நாடு முழுவதையும் கணிப்பொறிகளால் இணைக்கும் திட்டமொன்றை முன்வைத்தார். அது முழு வடிவில் நிறைவேறவே இல்லை. 1965-இல் பிரதமர் கொசிகின் ஆலைகளுக்குச் சற்றுச் சுதந்திரம் அளித்தார். சில ஆண்டுகளில் அமைச்சகங்கள் அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டன. கணிப்பொறி எவ்வளவு விரைந்து கூட்டினாலும், அதனுள் இடும் எண் பொய்யாயின் விடையும் பொய்யே அல்லவா? சைபீரிய நதிகளைத் தெற்கே திருப்பி ஆரலை நிரப்பலாம் என்னும் பெருந்திட்டமும் 1986-இல் கைவிடப்பட்டது. 1991-இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது.

ஒன்றியம் கலைந்த பின்னும், விடுதலை பெற்ற உஸ்பெகிஸ்தானத்தில் பருத்தி இலக்கு கலையவில்லை. மேலிருந்து எண் வருவதும், ஆசிரியரும் மருத்துவரும் வயலுக்குச் செல்வதும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 2020-இல்தான் அரசு அந்த இலக்கு முறையை நீக்கிற்று. பருத்தி வயல்களில் திட்டமிட்ட கட்டாய உழைப்பும் குழந்தை உழைப்பும் ஒழிந்தன என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் அறிவித்தது. கொடியின் நிறம் மாறிய உடனே பழக்கம் மாறிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

வடக்கே, கஜகஸ்தானம் உலக வங்கியின் உதவியோடு கோக்கரால் என்னுமிடத்தில் 2005-இல் ஓர் அணை கட்டி முடித்தது. சிர் தரியாவின் நீர் தங்கிற்று, உப்புக் குறைந்தது, மீன்கள் திரும்பின. ஆரல்ஸ்க் வட்டாரத்து மீனவர்கள் மீண்டும் வலை வீசுகின்றனர். தெற்கே நிலைமை வேறு. 2014-இல் தென்கடலின் கிழக்குப் பகுதி முற்றிலும் வற்றிற்று. இன்று அதன் படுகையில் புழுதியைத் தடுக்கச் சாக்ஸால் செடிகளை நட்டு வருகின்றனர்.

திட்டமிடுதல் தீது என்று நாம் கூற வரவில்லை. வீட்டை நடத்துபவரும் திட்டமிட்டே நடத்துகிறார். ஆயினும் குடும்பத் தலைவரின் கோபத்திற்கு அஞ்சி, பிள்ளைகள் அரிசிப் பானை நிறைந்திருப்பதாகவே நாள்தோறும் சொல்லிக் கொண்டிருந்தால், அவ்வீட்டின் திட்டம் எத்தனை நாள் ஓடும்? கீழே இருப்பவர் அஞ்சாமல் ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில்தான் மேலே இருப்பவரின் கணக்கு மெய்க்கணக்காகும். அந்த ஒரு சொல்லைக் கேட்க மறுத்த ஆட்சி, அல்-கவாரிஸ்மீயின் நாட்டிலேயே கணக்கில் தவறிற்று. அதன் விலையை இன்றளவும் செலுத்தி வருவோர் முய்னாக் கரையின் எளிய மக்களே.